வரைஞ்சது யாரு?

நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு ஜூலை மாதம் என்றால் மேடைப் பேச்சு. 1998-இல் என்.எல்.சி. புத்தகக் கண்காட்சி ஆரம்பித்தபோது நான் நான்காம் வகுப்பு. வட்டம் 11, லிக்னைட் ஹால். அப்பா ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். அவருக்கு ஸ்டால்கள் இரண்டாம் பட்சம்தான். மேடைக்கு எதிரே நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டால் நன்றியுரை முடிகிறவரை எழ மாட்டார். சித்தப்பா நேர் எதிர். "பேசுறவங்க பேசட்டும், நீ வாடா" என்று என் கையைப் பிடித்துப் பழைய புத்தகக் குவியல் பக்கம் இழுத்துப் போவார். முட்டி போட்டு உட்கார்ந்து குவியலின் அடியிலிருந்துதான் தேட ஆரம்பிப்பார். மேலே இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்களாம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்ததால்தானோ என்னவோ, காமிக்ஸ் விழாக்களுக்குப் போனால் எனக்கு மேடைக்கு முன்னாலிருந்து எழுந்துபோகவும் மனசு வராது, அங்கேயே இருக்கவும் பொறுக்காது. கடந்த ஏழெட்டு வருடங்களில் பெங்களூரிலும் சென்னையிலும் வேறு ஊர்களிலுமாக எத்தனையோ பேனல் பேச்சுகளைக் கேட்டாகிவிட்டது. பேனல் என்றால் மேடையில் நாலு நாற்காலி, நாலு மைக், ஒரு நெறியாளர். காமிக்ஸ்காரர்களுக்கு அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டம். முதல் வகைப் பேனலில் இரண்டாவது வகைப் பேனலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. இதைச் சொல்ல சித்தப்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சித்தப்பா என்.எல்.சி.யில் டிராப்ட்ஸ்மேன். ஐ.டி.ஐ. முடித்து எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தவர். சுரங்கத்தின் வெட்டுத் தோற்றம், கன்வேயர் பெல்ட் தாங்கும் இரும்புச் சட்டம், வடிகால், அதன் மூடி என்று முப்பத்தைந்து வருடங்கள் கோடு போட்டே ஓய்வுபெற்றார். பாதிக் காலம் டிரேசிங் பேப்பரில் இங்க் பேனா, மீதிக் காலம் கம்ப்யூட்டரில் ஆட்டோகேட். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயசு. மந்தாரக்குப்பத்துப் பெட்டிக்கடையில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, வீட்டில் அழுது அடம்பிடித்துக் காசு வாங்கியதாகச் சொல்வார். கோடு போடும் வேலைக்குத் தான் வந்ததற்கே அந்தப் புத்தகம்தான் காரணம் என்பார். வீட்டில் யாரும் இதை நம்பியதில்லை. நான் நம்புகிறேன்.

மாயாவி கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வகப் பணியாளன் விபத்தில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக் கை. உயர் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கதை அவ்வளவுதான். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது சித்தப்பா ஒரு பக்கத்தை விரித்து வைத்துக் கேட்டார்: "இதுல ஹீரோ எங்க இருக்கான் சொல்லு." நான் கையைக் காட்டினேன். "அவன் கோவமா இருக்கானா, பயந்து இருக்கானா?" பயந்து இருக்கிறான் என்றேன். "எப்படிடா தெரியும்? மூஞ்சியே இல்லையே!" அப்போதுதான் பார்த்தேன். கட்டத்தில் மூஞ்சி இல்லை, தோள் இல்லை, நடை இல்லை. மணிக்கட்டின் மடிப்பும் விரல்கள் விரிந்திருக்கும் அகலமும் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கையைப் பார்க்கிற மற்றவர்களின் கண்கள் போகிற திசை மிச்சத்தைச் சொல்லிவிடுகிறது. முகமே இல்லாத ஒருவனை நடிக்க வைப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று சித்தப்பா எனக்கு அன்று பாடம் எடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். பின்னாளில் நான் படித்த எந்தக் காமிக்ஸ் விமர்சனமும் அந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

2024-இல் அவரை ஒரு காமிக்ஸ் விழாவுக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர், எந்த விழா என்பது வேண்டாம். நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் காட்சி ஒன்றுதான். வாசலில் மணிக்கட்டுப் பட்டை, பை, ஒரு போஸ்டர். உள்ளே நாருட்டோ வேஷத்தில் நூறு பிள்ளைகள், பாதிக்குமேல் வீடியோ கேம் அரங்குகள், மூலையில் ஓவியர்களின் மேசைகள். சித்தப்பாவுக்குக் கூட்டம் பிடித்திருந்தது. அட்டைப்பெட்டியை வெட்டி ரோபோ உடுப்பு செய்து மாட்டியிருந்த ஒரு பையனை நிறுத்தி, தோள்பட்டையில் மூட்டு எப்படிப் போட்டாய் என்று பத்து நிமிஷம் விசாரித்தார்.

மதியம் பேனல். இந்தியக் காமிக்ஸின் எதிர்காலம் என்பது தலைப்பு. எதிர்காலம் என்ற சொல் இல்லாத பேனலை நான் இன்னும் பார்க்கவில்லை. மேடையில் நாலு பேர்: ஒரு பதிப்பக உரிமையாளர், ஒரு எழுத்தாளர், அனிமேஷன் நிறுவனத்திலிருந்து ஒருவர், இளம் ஓவியர் ஒருத்தி. நாற்பத்தைந்து நிமிஷம். எதைப் பற்றிப் பேசினார்கள்? ஐ.பி. பற்றி, யூனிவர்ஸ் கட்டுவது பற்றி, ஓ.டி.டி. தளங்களுக்குக் கதையை எப்படி எடுத்துப்போவது என்பது பற்றி. ஜப்பான்காரர்கள் செய்துவிட்டார்கள், கொரியாக்காரர்கள் செய்துவிட்டார்கள், நாம் எப்போது செய்வோம் என்ற அங்கலாய்ப்பும் தவறாமல் வந்தது. என் அலுவலகத்தின் காலாண்டுக் கூட்டத்தில் கேட்கிற அதே சொற்கள், அதே தலையசைப்பு. பின்னால் பெரிய திரையில் அந்த இளம் ஓவியரின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரவு, மழை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவி. நாற்பத்தைந்து நிமிஷமும் அந்தப் பக்கம் அங்கேயேதான் இருந்தது. மேடையில் இருந்த யாரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஓவியரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, பெண்ணாக இந்தத் துறையில் இருப்பது எப்படி இருக்கிறது என்பது.

கேள்வி நேரம் வந்தது. சித்தப்பா கை தூக்கினார். மைக் வந்தது. "இந்த மழைய எதால போட்டீங்கம்மா? நிப்பா, பிரஷ்ஷா?"

சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் தாத்தா திடீரென்று பாட ஆரம்பித்தால் சிரிப்போமே, அந்த மாதிரி. நெறியாளர், அங்கிள் டெக்னிக்கலா கேக்கறாங்க என்று சொல்லி, நேரம் குறைவாக இருப்பதால் அடுத்த கேள்விக்குப் போவோம் என்றார். அடுத்த கேள்வி, இரண்டாம் பாகம் எப்போது வரும் என்பது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பதில் தெரியலை போல" என்றார்.

பதில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நிகழ்ச்சி முடிந்து தன் மேசைக்குப் போனவர், கூட்டத்தில் சித்தப்பாவைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். "மழைய நான் வரையலை அங்கிள். மழைக்குப் பின்னாடி இருக்கறது எல்லாத்தையும் முதல்ல முழுசா வரைஞ்சேன். அப்புறம் கோடு கோடா அழிச்சேன். அழிச்ச இடம்தான் மழை." டேப்லெட்டைத் திறந்து அடுக்கடுக்காக எடுத்துக் காட்டினார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டிரேசிங் பேப்பரில் இங்க் கோடு தப்பாகிவிட்டால் டிராப்ட்ஸ்மேன்கள் அரை பிளேடால் சுரண்டி எடுப்பார்கள். பேப்பர் கிழியாமல், இங்க் மட்டும் உரிந்து வர வேண்டும். சித்தப்பா அந்தச் சுரண்டலையே ஒரு வரையும் முறையாகப் பழகி வைத்திருந்தவர். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். கிழவியின் புடவை நனைந்திருப்பதைக் காட்ட மடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறேன் என்றார் அவர். ஈரத் துணி ஒட்டிக்கொள்ளும், மடியாது. நான் நின்றுகொண்டே கேட்டேன். அன்றைய விழாவின் உண்மையான பேனல் அதுதான், மைக் இல்லாமல் நடந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்ததுண்டு. 1970-இல் சான்டியேகோவில் முதல் காமிக் கான் ஒரு ஹோட்டலில் நடந்தபோது வந்தவர்கள் சுமார் 300 பேர். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் ஜாக் கிர்பி. வரைகிறவரைப் பார்க்கத்தான் ஆட்கள் போனார்கள். இன்று அதே விழாவின் 'ஹால் ஹெச்' அரங்கில் 6,500 பேர் உட்காரலாம். முந்தின இரவே பிளாட்பாரத்தில் படுத்து இடம் பிடிக்கிறார்கள். பெரும்பாலும் சினிமா நடிகர்களைப் பார்ப்பதற்காக. அந்த மாதிரியைத்தான் நாம் இறக்குமதி செய்திருக்கிறோம். 2011-இல் டெல்லியில் முதல் காமிக் கான், 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்துவிட்டது. வந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. முந்நூறு பேர் காலம் என்ற ஒன்று நமக்கு இல்லாமலேயே நேராக ஆறாயிரம் பேர் காலத்துக்கு வந்துவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம்.

அப்புறம், நமக்கும் அந்தக் காலம் இருந்தது என்று நினைவு வருகிறது. அது சிவகாசியில் அச்சானது. லயன் - முத்து காமிக்ஸின் ஆசிரியர் பக்கமும் வாசகர் கடிதமும்தான் தமிழின் முதல் காமிக்ஸ் பேனல். 1984-இல் லயன் ஆரம்பித்ததிலிருந்து ஆசிரியர் எஸ். விஜயன் வாசகரோடு நேரடியாகப் பேசுகிற தொனியில் எழுதிவருகிறார். ஊர்ப் பெயரோடு கடிதங்கள் வரும். கடிதப் பக்கத்தில் நெய்வேலி என்று எங்காவது இருக்கிறதா என்று கதைக்கு முன்னால் அதைத்தான் தேடுவேன். அந்தக் கடித எழுத்தாளர்களின் நீட்சிதான் இப்போது ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி நடக்கும் வாசகர் சந்திப்பு.

ஒரு வருடம் அங்கே போனேன். நாற்பதிலிருந்து அறுபது வயது வரைக்குமான ஆண்கள், இரவு பஸ் பிடித்து வந்த கண்களோடு. பெரிய நகரத்து விழாவுக்கும் இதற்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. அங்கே பேசுவதால் எதுவும் நடக்காது, ஈரோட்டில் பேசினால் நடக்கும். சந்தா கட்டுகிறவர்கள்தான் அந்தப் பதிப்பகத்தின் முதலீடு. டெக்ஸ் வில்லருக்கு அடுத்த வருடம் எத்தனை இடம், மறுபதிப்பு எத்தனை, கறுப்பு வெள்ளையா வண்ணமா, கிராபிக் நாவல் வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் அங்கே எழும் குரல் அட்டவணையில் ஏறும். 'இரத்தப் படலம்' தனித்தனி இதழ்களாக வந்து, பின்னர் குண்டுத் தொகுப்பாகி, அப்புறம் வண்ணத்துக்கும் போனதற்கு வாசகர்களின் பிடிவாதத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு பதிப்பகமும் வாசகர் கூட்டமும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இவர்களை நாஸ்டால்ஜியா கும்பல் என்று எழுதுகிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் இல்லையென்றால் தமிழில் மாதா மாதம் காமிக்ஸ் என்ற ஒன்றே இருக்காது.

ஆனால் நான் கேட்டவரை அங்கேயும் பேச்சு நாயகர்களைச் சுற்றியே போனது. டெக்ஸா, டைகரா? எந்தக் கதை எந்த வருடம் வந்தது, எந்த விலைக்கு வந்தது, அட்டை என்ன நிறம், யாரிடம் இப்போதும் ஒரு பிரதி இருக்கிறது? ஞாபக சக்தியில் ஒவ்வொருவரும் ஒரு ஹார்ட் டிஸ்க். 'இரத்தப் படலம்' பற்றி மட்டும் நான் இருந்த வட்டத்தில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. அந்தத் தொடரை வரைந்தவர் வில்லியம் வான்ஸ். ஆனால் 2007-இல் பிரெஞ்சில் வந்த பதினெட்டாம் ஆல்பத்தை மட்டும் வரைந்தது ழான் ஜிரோ, நம் கேப்டன் டைகரை வரைந்த அதே கை. ஒரு பெரிய ஓவியன் இன்னொருவரின் வீட்டுக்குள் ஒருமுறை விருந்தாளியாகப் போய் உட்கார்ந்த இடம் அது. வான்ஸின் மனிதர்கள் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி விறைப்பாக நிற்பார்கள். ஜிரோவின் மனிதர்கள் வியர்ப்பார்கள். யாராவது இதைத் தொடுவார்களா என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் யாரும் தொடவில்லை.

டீ இடைவேளையில் நானே பேச்சைத் துவக்கினேன். பக்கத்தில் நின்ற ஒருவர், விசைத்தறி வைத்திருப்பவர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "அது டைகர் ஆளு வரைஞ்சதுங்க தம்பி. புக்கு வந்த அன்னைக்கே தெரிஞ்சிபோச்சு. மூக்கப் பாத்தாலே தெரியுமே." பெயர் அவருக்குத் தெரியாது. கை தெரிந்திருந்தது. நான் வெட்கப்பட்டேன். எனக்குப் பெயரை இணையம் சொல்லித் தந்தது, அவருக்குக் கையைக் கண் சொல்லித் தந்தது. ஏன் இதை உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன். "இதப்போயி மைக்கில சொல்றதுங்களா?" என்றார்.

எனக்கு உறைத்தது அங்கேதான். தமிழ் வாசகனுக்குக் கோட்டைப் பார்க்கத் தெரியாது என்பதெல்லாம் பொய். நன்றாகவே தெரியும். அதைச் சபையில் பேசத் தகுந்த விஷயமாக நாம் நினைப்பதில்லை. பத்திரிகை ஓவியத்தில் இந்தக் கூச்சம் கிடையாது. மணியம், கோபுலு, மாருதி, ஜெயராஜ், ம.செ. என்று கையெழுத்தைப் பார்க்காமலே படத்தைப் பார்த்து ஆளைச் சொன்ன வாசகர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். 'பொன்னியின் செல்வன்' என்றால் கல்கியோடு மணியமும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருவார். சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வரைந்து கொடுத்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் கையெழுத்து தமிழ்நாட்டின் பாதிப் பூஜை அறைகளில் தொங்கியது. அதே சிவகாசியில் அச்சான காமிக்ஸில் மட்டும் ஏன் கையெழுத்து இல்லை?

விடை லண்டனில் இருக்கிறது. மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி எல்லாம் பிரிட்டனின் வாரப் பத்திரிகைகளில் வந்த கதைகள். அங்கே அந்தக் காலத்தில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடுவது வழக்கமில்லை. ஒரு கதையை எந்த நேரத்திலும் ஆள் மாற்றிக் கொடுக்கலாம், யாரும் பேரம் பேச முடியாது. 1977-இல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழில்தான், கலைப் பிரிவில் வேலை பார்த்த கெவின் ஓ'நீல் பக்கத்தில் சின்னப் பெட்டி போட்டுப் பெயர்களை நுழைத்தார். மாயாவி தமிழுக்கு வந்து ஐந்து வருடம் கழித்து. ஆக, நமக்கு வந்த படங்களே பெயர் இல்லாமல்தான் வந்தன. ஐரோப்பிய ஆல்பங்களின் அட்டையில் பெயர் இருப்பது மரபு என்பதால் ஜிரோ, வான்ஸ் போன்ற பெயர்களாவது பின்னால் நம் காதில் விழுந்தன. பிரிட்டிஷ் கதைகளுக்கு அந்த வழியும் இல்லை.

மாயாவியை வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர். தம்பிமாரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். அதனால் எந்தப் பக்கத்தில் யார் கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதும் கஷ்டம். ஸ்பைடரின் அந்த அடர்ந்த, ராத்திரி மாதிரியான குறுக்குக் கோடுகள் ரெக் பன் என்பவருடையவை. ஸ்பைடரின் பல கதைகளை எழுதியது யார் என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கி, 1938-இல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆயுசு முழுக்க வழக்கும் வறுமையுமாக அலைந்த அதே சீகல். சொந்தப் படைப்பில் தன் பெயர் இல்லாத ஆள், அறுபதுகளின் பிற்பாதியில் பெயரே போடாத லண்டன் பத்திரிகைக்குக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளை எழுதியிருக்கிறார். 1975-இல்தான் சூப்பர்மேனில் சீகல், ஷஸ்டர் பெயர்கள் திரும்ப வந்தன. அந்தக் கதைகள் 1984-க்குப் பிறகு லயனில் வந்தபோது சித்தப்பா படித்தார், பின்னால் நானும் படித்தேன். இந்த ஒரு கதையை வைத்து ஈரோட்டில் ஒரு முழு மாலை பேசலாம்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகர் வீட்டுக்கு வந்துவிட்டார். பரணில் இருந்த காமிக்ஸ் இப்போது கட்டிலுக்கு அடியில். மாமரமும் பலாமரமும் போயின, இது மட்டும் வந்ததே என்று சித்திக்கு இன்னும் ஆற்றாமை. நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய் ஒரு பழைய சுருளை எடுத்து வந்து விரித்தார். அம்மோனியா பிரிண்ட், வெளுத்துப்போன ஊதா. வலது கீழ் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கட்டம். முதலாமாண்டு இன்ஜினியரிங் டிராயிங்கில் நானும் மினி டிராப்டர் வைத்து அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறேன். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர்.

"சாக்கடை மூடிடா இது. வெறும் சாக்கடை மூடி. இதுக்கே நான் இனிஷியல் போட்டிருக்கேன் பாரு. போடலைன்னா டிராயிங்க திருப்பி அனுப்பிருவாங்க. நாளைக்கு மூடி உடைஞ்சா யார்கிட்ட கேக்கறது?"

என் தொழிலிலும் இது உண்டு. நாங்கள் நிரல் எழுதி வைக்கும் இடத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. எந்த வரியை யார், எந்த நாளில் எழுதினார்கள் என்று காட்டும். அதன் பெயரே 'ப்ளேம்'. பழி சொல்வதற்காகவாவது பெயர் வேண்டியிருக்கிறது. காமிக்ஸுக்கு அதுகூட வேண்டாம் என்று இருந்திருக்கிறோம்.

அன்று சித்தப்பா இன்னொன்றையும் காட்டினார். ஒரு பழைய பாக்கெட் சைஸ் புத்தகம். லண்டன் பத்திரிகையின் பெரிய பக்கத்தை இந்தச் சின்னப் பக்கத்துக்குள் அடக்கக் கட்டங்களை வெட்டி, மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தின் இடது ஓரத்தில் சுவர் ஒன்று வருகிறது. சுவரின் பாதி வரை கோடு மெல்லிசாக, வேகமாக. அதற்குப் பிறகு அதே சுவர் கொஞ்சம் தடித்த, நிதானமான கோட்டில் தொடர்கிறது. "இந்த இடத்துல படம் பத்தலை. இங்க யாரோ நீட்டி வரைஞ்சிருக்காங்க. இந்தக் கோடு பிளாஸ்கோ கோடு இல்ல, நம்ம ஆளு கோடு." அவர் சொல்வது சரியா என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஆனால் ஒருமுறை காட்டிவிட்ட பிறகு அதைக் காணாமல் இருக்க முடியவில்லை. ஸ்பெயின்காரர் போட்ட சுவரை மீதிப் பாதி கட்டி முடித்தவர் ஒருவேளை தமிழ்நாட்டில் ஏதோ ஒரு மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தவர். தமிழில் ஏன் சொந்தக் காமிக்ஸ் வளரவில்லை என்று மேடைக்கு மேடை கேட்கிறார்கள். வளர வேண்டிய கைகளை நாம் ஓரம் நீட்டுவதற்கு உபயோகித்திருக்கிறோமோ என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

வரைபவரைப் பற்றிப் பேசினால் என்ன கிடைக்கும் என்பவர்களுக்கு ஓர் உதாரணம். 'பீமாயணம்' தமிழிலும் வந்திருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கை. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியத் தம்பதி. அதில் கட்டங்களே கிடையாது. தங்கள் ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. தங்கள் வீட்டுச் சுவர்களிலும் தரையிலும் போடும் கோல வடிவத்தை வைத்தே பக்கத்தைப் பிரித்தார்கள். தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் கதையில் தண்ணீரும் மீனும் பாம்பும் பக்கமெங்கும் வேலியில்லாமல் ஓடுகின்றன. கதையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் புத்தகத்தில் பாதியைச் சொல்லவில்லை என்று அர்த்தம். நான் பார்த்த கூட்டங்களில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அம்பேத்கரைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். வியாம்கள் பெயர் நன்றியுரையில் வந்தது.

இப்போது எல்லா பேனலிலும் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு கேள்வி கட்டாயம். இயந்திரம் வரைந்துவிட்டால் ஓவியர் கதி என்ன என்று. நியாயமான பயம்தான், என் வேலைக்கும் அதே பயம் இருக்கிறது. ஆனால் அம்பது வருடமாக வரைந்தது யார் என்று கேட்காத சபைக்கு, திடீரென்று வரைவது மனிதனா என்று கவலை வருவதைப் பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. பிளாஸ்கோ மாதிரி வரைந்து கொடு என்று இயந்திரத்திடம் கேட்பதற்கும் முதலில் பிளாஸ்கோ என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தப்பா ஒரு வேலையில் இறங்கியிருந்தார். கட்டிலடிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசிப் பக்கத்தின் வலது கீழ் மூலையில் 2ஹெச் பென்சிலால் சின்னக் கட்டம் போடுகிறார். மூன்று வரிசை. முதல் வரிசையில், அவருக்கே உரிய அந்தச் சாய்ந்த டிராப்ட்ஸ்மேன் எழுத்தில், வரைந்தவர் பெயர். இரண்டாவதில் சரிபார்த்தவர். அங்கே என் இனிஷியலைப் போடச் சொன்னார், நான்தானே தேடிச் சொல்கிறேன். மூன்றாவது வரிசை எதற்கு என்றேன். "கட்டம்னா மூணு வரிசை இருக்கணும்டா" என்றார்.

அன்று ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து முப்பத்தொரு புத்தகம் முடித்தோம். அதில் பன்னிரண்டில் முதல் வரிசையும் காலி. லாரன்ஸ் - டேவிட் கதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கார் விளக்கு வெளிச்சம் ஈரத் தார்ச்சாலையில் விழுகிற ஒரு கட்டத்தையே சித்தப்பா பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் பிரஷ்ஷுக்காரன்" என்றார். "கை நடுங்காத வயசு. முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும்." பிறகு பெயருக்கான இடத்தில் ஒன்றும் எழுதாமல் புத்தகத்தை மூடி, தனியாக ஓர் அடுக்கில் வைத்தார்.